பொன் விளைந்த நாடும் முத்துக் குளித்த துறையும்

மாலிப் பேரரசரின் அவையையும் மதுரைச் சுல்தானின் அவையையும் நேரில் பார்த்து எழுதிவைத்தவர் ஒருவர் உண்டு. 1304-இல் மொராக்கோவின் தாஞ்சியர் நகரில் பிறந்த இப்னு பதூதா. 1331-இல் கிழக்கு ஆப்பிரிக்கத் துறைமுகமான கில்வாவில் இறங்கினார். 1340-களில் இலங்கையிலிருந்து புறப்பட்டு, கப்பல் சேதமடைந்து, அரபுகள் ‘மஅபர்’ என்று அழைத்த நம் கரையில் ஒதுங்கினார். 1352-இல் ஒட்டகச் சாத்தோடு சகாராவைக் கடந்து மாலிக்குப் போனார். இடையில் மாலத்தீவில் காஜியாக இருந்தபோது, தீவு மக்கள் கடலிலிருந்து சோழிகளை அள்ளி வெளிநாட்டுக்கு விற்பதைக் குறித்துவைத்தார். மாலியிலும் நைஜர் ஆற்றங்கரை காவோவிலும் அதே சோழி பணமாகப் புழங்கியது. ஒரு பொன் தினாருக்கு 1,150 சோழி என்று விலையையும் எழுதியிருக்கிறார். பல்லாங்குழி ஆட நம் வீட்டுப் பெண்கள் கையில் எடுக்கும் சோழிதான் அது. தூத்துக்குடித் தோணிகள் இன்றும் சரக்கேற்றிப் போகிற அந்தத் தீவுகளிலிருந்து, பாலைவனத்துக்கு அப்பாலுள்ள சந்தைவரை அது போயிருக்கிறது.

தாமிரபரணிக் கரையில் வாழும் நாம் ஆப்பிரிக்காவின் இடைக்கால அரசுகளைப் பற்றிப் படிக்க இந்த ஒரு காரணமே போதும். அதைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது. வணிகமும் மார்க்கமும் அங்கே கைகோத்து நடந்த விதத்தை அறிந்தால், நம் கரையின் பழைய வரலாறு இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

கானா அரசிலிருந்து தொடங்கலாம். இன்றைய கானா நாடு வேறு. பழைய கானா இன்றைய மவுரித்தேனியா, மாலி எல்லையில் இருந்தது. ஸ்பெயினின் கொர்தோவாவில் இருந்தபடியே, போய் வந்தவர்களைக் கேட்டு, அரபுப் புவியியலாளர் அல் பக்ரி 1068-இல் அதைப் பற்றி எழுதினார். தலைநகர் இரட்டை ஊர். ஒன்று முஸ்லிம் வணிகர்களின் ஊர். அதில் பன்னிரண்டு பள்ளிவாசல்கள். ஆறு மைல் தள்ளி அரசனின் ஊர். அரசன் தன் முன்னோர் வழிபாட்டை விடாதவன். ஆனால் அவனுடைய மொழிபெயர்ப்பாளர்களும் கருவூலக் காப்பாளரும் அமைச்சர்களில் பெரும்பாலோரும் முஸ்லிம்கள். உள்ளே வரும் ஒவ்வொரு கழுதைச் சுமை உப்புக்கும் ஒரு தினார் வரி, வெளியே போகும் சுமைக்கு இரண்டு தினார். அரசனின் மார்க்கத்தார் அவன்முன் மண்டியிட்டுத் தலையில் புழுதியை வாரிப் போட்டுக்கொள்வார்கள். முஸ்லிம்கள் கைதட்டி வணங்கினால் போதும். இந்தச் சிறு செய்தியை நான் பெரிதாக மதிக்கிறேன். அடுத்தவர் மார்க்கம் எதை அனுமதிக்கும், எதை அனுமதிக்காது என்று தெரிந்துகொண்டு, அதற்கு அரசவையிலேயே ஓர் இடம் ஒதுக்கிய அரசு அது.

இப்போது நம் ஆற்றின் முகத்துவாரத்துக்கு வருவோம். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கொற்கை கடலை விட்டு விலகிப் போக, காயல் துறைமுகமாயிற்று. பின்னாளில் காயலையும் வண்டல் மூடியது. கால்டுவெல் அங்கே அகழ்ந்தபோது சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. 1292-ஐ ஒட்டி வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், கிஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றி வரும் கப்பல்கள் எல்லாம் தொடும் பெருநகர் என்று காயலை வருணித்தார். அப்போது ஆண்டவன் முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியன். சோமசுந்தரக் கடவுளைக் குலதெய்வமாகக் கொண்ட அந்த அரசமரபின் துறைமுகங்களை நிர்வகித்தவர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான். பாரசீக வளைகுடாவின் கிஷ் தீவை ஆண்ட ஜமாலுத்தீனின் சகோதரர். அரசனின் அமைச்சராகவும் இருந்தார்.

பாண்டியனுக்கும் ஜமாலுத்தீனுக்கும் இடையிலான குதிரை ஒப்பந்தத்தைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் விவரமாகச் சொல்கிறார். ஆண்டுக்கு 1,400 குதிரைகளை ஜமாலுத்தீன் தன் சொந்த இருப்பிலிருந்து அனுப்ப வேண்டும். மற்ற வளைகுடாத் துறைகளிலிருந்து வருவதையும் சேர்த்து 10,000. ஒரு குதிரைக்கு 220 பொன் தினார். கடலில் குதிரை செத்துப்போனால் அதற்கும் விலையைப் பாண்டியன் கருவூலமே கொடுத்துவிடும். எண்களில் வஸ்ஸாஃபின் மிகை கொஞ்சம் கலந்திருக்கலாம். ஆனால் கடல் நடுவில் செத்த குதிரைக்கும் காசு என்றால், அனுப்புகிறவன் சொல்லை அரசன் அப்படியே நம்பியிருக்க வேண்டும். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் வஸ்ஸாஃப் சொல்லிவிடுகிறார். கோயில்களின் நில வருமானத்திலிருந்தும், கோயிலைச் சேர்ந்த பெண்டிர் மீதான வரியிலிருந்தும் கொடுத்தார்களாம். சிவன் கோயில் நெல், அரபுக் குதிரையாக மாறிப் பாண்டியன் படையில் நின்றிருக்கிறது.

முத்துக் குளிப்பிலும் இந்தப் பின்னல் இருந்தது. எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு, இருபதில் ஒரு பங்கு சுறாவை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு என்கிறார் மார்க்கோ போலோ. மந்திரம் பகலுக்கு மட்டும்தான் செல்லுமாம். இரவில் அவிழ்த்துவிடுவார்களாம், திருட்டுத்தனமாக யாரும் மூழ்கக் கூடாதே! நூற்றாண்டுகள் கழித்து, குளிப்பவர்கள் கிறித்தவர்களான பிறகும், ‘கடல்கட்டி’ என்ற அந்தப் பரம்பரைப் பணி தொடர்ந்தது; அதைச் செய்தவர்களும் அப்போது கிறித்தவர்களாகவே இருந்தார்கள்.

மாலியில் கதை வேறு திசையில் போயிற்று. அங்கே அரசர்களே இஸ்லாத்தை ஏற்றார்கள். மன்சா மூசா 1324-இல் ஹஜ்ஜுக்குப் போகும் வழியில் கெய்ரோவில் வாரி இறைத்த பொன்னால், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தும் அங்கே பொன் விலை முழுதாகத் தேறவில்லை என்று அரபு வரலாற்றாசிரியர் அல் உமரி எழுதினார். பாண்டியர்கள் ஏன் மாலி அரசர்களைப்போல இஸ்லாத்தை ஏற்கவில்லை? இங்கே எழுத்தும் கணக்கும் நிலமும் கருவூலமும் ஏற்கெனவே கோயிலைச் சுற்றி உறுதியாக அமைந்திருந்தன. அதனால் புதிய மார்க்கம் தன் பள்ளியோடும் காஜியோடும் வந்து, இருந்த அமைப்புகளோடு ஒன்றாக உட்கார்ந்தது. மாலி அரசருக்கோ பாலைக்கு அப்பாலுள்ள நாடுகளோடு கடிதம் எழுதவும் கணக்கு வைக்கவும் அரபு எழுத்தே கைகொடுத்தது. இது என் கருத்து, மறுப்பவர்கள் இருக்கலாம். மாலியிலும் பழையது மறைந்துவிடவில்லை. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கும் குர்ஆன் மனனத்துக்கும் மாலி மக்கள் காட்டிய அக்கறையைப் புகழும் இப்னு பதூதாவே, மன்சா சுலைமான் அவையில் பறவை முகமூடி அணிந்த பாணர்கள் ஆடியதைக் கண்டு முகம் சுளித்திருக்கிறார்.

நம் கரையில் அப்படி ஒன்றாக உட்கார்ந்ததற்குக் கல்லிலேயே சான்று இருக்கிறது. காயல்பட்டினத்துப் பள்ளி ஒன்றுக்கு ‘உதயமார்த்தாண்டப் பெரும்பள்ளி’ என்று அரசனின் பெயரே வழங்கியதைக் கல்வெட்டு சொல்கிறது. அங்குள்ள பழம்பள்ளிகளின் கல்தூண் மண்டபங்களைப் பார்த்தால், கோயில் கட்டிய அதே சிற்பிகளின் கை தெரியும். உருவங்களை மட்டும் விட்டுவிட்டுக் கொடியும் பூவும் செதுக்கியிருக்கிறார்கள். அரசன் எந்த மார்க்கத்தவனாயினும் அவன் நாட்டில் அமைதியாக வாழ்ந்து, தொழுது, பிள்ளைகளுக்குக் கற்பித்து, நன்னடத்தையால் மட்டுமே மார்க்கத்தைக் காட்டலாம் என்று மேற்கு ஆப்பிரிக்காவில் ஜூலா வணிகர்களுக்குப் போதித்தவர் அல் ஹாஜ் சாலிம் சுவாரி. அவர் பெயரையே கேட்டிராத காயல் வணிகர்களும் அந்த நெறிப்படிதான் வாழ்ந்தார்கள்.

போர்ச்சுக்கீசியர் வந்ததும் இந்த ஏற்பாடு இரு கரைகளிலும் உடைந்தது. 1505-இல் கில்வா சூறையாடப்பட்டது. 1530-களில் முத்துத் துறைகளில் மூண்ட சச்சரவில் பாதுகாப்புத் தேடிய பரதவர் பெருந்திரளாக ஞானஸ்நானம் பெற்றார்கள். வணிகத்தின் பின்னால் பீரங்கி வந்தபோது, மார்க்கம் எதுவென்பது எந்தப் பக்கம் நிற்கிறாய் என்ற கேள்வியாகிவிட்டது.

நம் மேலப்பாளையம் துறைமுகமன்று, ஆற்றில் மேலே உள்ள நெசவூர். ஆனாலும் இந்த ஊருக்கு ஆப்பிரிக்காவில் ஒரு தோழமை ஊர் சொல்லச் சொன்னால் நான் மாலியின் திம்புக்துவைச் சொல்வேன். அங்கே இருபத்தாறு தையற்கூடங்கள், ஒவ்வொன்றிலும் ஐம்பது முதல் நூறு மாணாக்கர் என்று அவ்வூர் வரலாற்று நூல் குறிக்கிறது. அந்தக் கூடங்களின் தலைவர்கள் படித்தவர்களும்கூட. மற்றச் சரக்குகளைவிடப் புத்தகத்தில்தான் அங்கே இலாபம் அதிகம் என்று 16-ஆம் நூற்றாண்டில் பயணி லியோ ஆப்பிரிக்கானுஸ் எழுதினார். துணியும் கிதாபும் சேர்ந்து வளர்ந்த ஊர் என்றால் மேலப்பாளையத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. தெருவில் பாவு நீட்டி, குழித்தறியில் கால் மிதித்துக் கைலி நெய்த வீடுகளில்தான் பிள்ளைகள் ஓதவும் செய்தார்கள். தறி ஓய்ந்த பல வீடுகளில் பிறகு பீடித்தட்டு வந்தது, ஓதல் நிற்கவில்லை. காயல்பட்டினத்தில் பிறந்த பேரறிஞர் சதக்கத்துல்லா அப்பாவின் பெயரில் 1971-இல் பாளையங்கோட்டையில் கல்லூரி எழுந்தது, ஆற்றின் முகத்துவாரத்துக் கல்வி மேலேறி வந்ததுபோல.

மேற்கு ஆப்பிரிக்கர் ஹவுசாவையும் ஃபுலானியையும் அரபு எழுத்தில் எழுதினார்கள். கிழக்குக் கரையில் சுவாஹிலியையும் அப்படியே எழுதினார்கள். நம்மவர் அரபுத்தமிழில் எழுதினார்கள். 2012-இல் ஆயுதக் குழுக்கள் திம்புக்துவைப் பிடித்தபோது, அவ்வூர்ச் சுவடிக் காப்பாளர் அப்துல் காதர் ஹைதரா முன்னின்று, குடும்பங்கள் பெட்டிகளில் காத்துவந்த லட்சக்கணக்கான சுவடிகளை வண்டியிலும் படகிலும் ஏற்றி பமாக்கோவுக்குக் கொண்டுசேர்த்தார்கள். எந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று முன்பே தெரிந்திருந்ததால்தான் அது முடிந்தது. நம் தெருக்களிலும் அரபுத்தமிழ்க் கிதாபுகள், பழைய நிக்காஹ் பதிவேடுகள், தறிக் கணக்கு நோட்டுகள் வைத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. நம்மில் சிலர் வீடுவீடாகச் சென்று, ஏட்டைத் தரும்படி கேட்காமல் அதன் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும் படமெடுத்து, தெருவாரியாக ஒரு பட்டியல் போட்டால் போதும். அடுத்த ரமலானுக்குள் ஒரு முஹல்லாவையாவது முடித்துவிடலாம்.