கை பட்ட பாட்டு

சில வருஷங்களுக்கு முன் ஒரு பத்திரிகைக்கு 20 பக்கத்தில் கதை ஒன்று எழுதி அனுப்பினேன். அச்சாகி வந்தபோது 11 பக்கம்தான் இருந்தது. ரயில்வே கேட் காப்பவனின் மனைவியைப் பற்றி நான் ஆசை ஆசையாக எழுதியிருந்த பகுதி அடியோடு போய்விட்டது. ஆசிரியர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் அக்காள் மகன், "மாமா, இதைக் கொஞ்சம் கேளுங்கள்" என்று ஓர் இங்கிலீஷ் பாட்டைப் போட்டான். பிறகு அதே பாட்டை, வேறொருவர் கை பட்டு மாறிய உருவத்தில் போட்டான். "எது நன்றாக இருக்கிறது, சொல்லுங்கள்" என்றான். பிறத்தியார் படைப்பில் கை வைக்கிறவர்கள் எல்லாரும் என் விரோதிகளாக இருந்த நேரம் அது. இரண்டாவதுதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பாட்டின் பெயர் 'மிஸ்ஸிங்'. பாடியவர் டிரேஸி தார்ன். அவருடைய கூட்டாளி பென் வாட். இங்கிலாந்தில் ஹல் சர்வகலாசாலையில் படிக்கப் போன இடத்தில் சந்தித்து, 'எவ்ரிதிங் பட் தி கேர்ள்' என்ற பெயரில் சேர்ந்து பாடத் தொடங்கியவர்கள். அந்த விசித்திரமான பெயர், ஹல் நகரத்தில் மேஜை நாற்காலி விற்கும் கடை ஒன்றின் விளம்பர வாசகம்! 1992-ல் வாட்டுக்கு ஓர் அபூர்வ நோய் வந்தது. உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பைத் தின்னும் நோய். சிறுகுடலின் பெரும்பகுதியைப் பறிகொடுத்துப் பிழைத்து எழுந்தார். அதற்குப் பின் இருவரும் செய்த 'ஆம்ப்ளிஃபைட் ஹார்ட்' என்ற இசைத்தொகுதி 1994-ல் வெளிவந்தது. அதில் உள்ள பாட்டு இது.

விஷயம் மிகச் சிறியது. முன்பு பழகிய ஒருவர் குடியிருந்த தெருவுக்கு ஒருத்தி போகிறாள். அவர் அங்கே இல்லை, போய் வருஷக்கணக்காகிறது. அவ்வளவுதான். 1994-ல் தனித்தட்டாக வந்தபோது பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 69-வது இடத்துக்கு மேல் அது ஏறவில்லை. சிறிது காலத்தில் பிரிட்டனில் அவர்களுடைய கம்பெனியும் அவர்களைக் கைகழுவிவிட்டது.

இந்தப் பாட்டு, நியூயார்க்கைச் சேர்ந்த புரூக்லின்வாசி டாட் டெரியின் கைக்குப் போயிற்று. அவர் நடன விடுதிகளுக்கென்று இசைத்தட்டுகள் செய்பவர். நம் சினிமாவில் 'ரீமிக்ஸ்' என்றால் பெரும்பாலும் பழைய மெட்டைப் புதுக் குரலில் பாடவைத்து ஆட்டம் போடுவது. மேல்நாட்டு வழக்கம் அப்படியல்ல. ஒலிப்பதிவின் நாடாவில் குரல் தனி, வாத்தியங்கள் தனியாக இருக்கும். அவற்றைப் பிரித்து வேறு விதமாகச் சேர்ப்பதே ரீமிக்ஸ். வால்டர் கிப்பன்ஸ் என்பவர் 1976-ல் 'டென் பெர்சென்ட்' என்ற சிறு பாட்டைச் சுமார் 10 நிமிஷத்துக்கு இழுத்து, 12 அங்குல இசைத்தட்டில் கடைச் சரக்காகவே ஆக்கிவிட்டார்.

டெரிக்கு முன்னோர்கள் சிகாகோவில் இருக்கிறார்கள். அங்கே 1977-ல் 'வேர்ஹவுஸ்' என்ற விடுதி திறந்தது. தட்டுச் சுழற்ற நியூயார்க்கிலிருந்து வந்தவர் ஃபிராங்கி நக்கிள்ஸ். வெளி உலகம் ஒதுக்கிவைத்த கறுப்பர்களும் ஆண்காதலர்களும் விடிய விடிய ஆடிய இடம் அது. 1979 ஜூலை 12-ந் தேதி அதே ஊரில், பந்தாட்ட மைதானம் ஒன்றில், டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். டிஸ்கோ செத்தது என்று எல்லாரும் சொன்னார்கள். நக்கிள்ஸ் அந்தப் பழைய பாட்டுகளையே நாடாவில் வெட்டி ஒட்டி, டிரம் யந்திரத்தின் அடியைச் சேர்த்து, மறுபடி உயிர்கொடுத்து ஓட்டினார். 'ஹவுஸ்' இசை என்ற பெயரே அந்த விடுதியின் பெயரிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். பின்னால் லாரி ஹெர்ட் 1986-ல் 'கேன் யூ ஃபீல் இட்' என்ற தட்டில் அந்த ஓயாத அடியின் மேல் மங்கலான, ஜாஸ் சாயல் கொண்ட சுரக்கூட்டுகளைப் படரவிட்டார். டீப் ஹவுஸ் என்பது அந்தக் கிளை. ஆடுகிறவனுக்கு மட்டுமல்ல, ஆடி ஓய்ந்து சுவரில் சாய்ந்து நிற்கிறவனுக்கும் ஆன இசை. டெரி செய்தது சுத்தமான டீப் ஹவுஸ்தானா என்று பண்டிதர்கள் வழக்காடுவார்கள். எனக்கு அந்த வழக்கில் அக்கறை இல்லை.

அவர் செய்தது இதுதான். அடியில் இருந்த மெல்லிய தாளத்தை எடுத்துவிட்டு, ஒவ்வொரு அடிக்கும் பெரிய டிரம் விழும் கட்டையான தாளத்தை வைத்தார். குரலைத் தொடவில்லை. அவள் அதே தெருவில் அதே துக்கத்தோடுதான் நிற்கிறாள். ஆனால் இப்போது அவளைச் சுற்றி நூறு பேர் ஆடுகிறார்கள். கல்யாண வீட்டில் கெட்டிமேளம் கொட்டும்போது, போய்விட்ட யாரையோ நினைத்துத் தூணோரம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் கிழவிகளை நாம் பார்த்ததில்லையா? மேளம் இல்லாவிட்டால் அந்த அழுகை வராது.

இந்த உருவம் முதலில் நடன விடுதிகளிலும் பிறகு ரேடியோவிலும் பரவிற்று. 1995-ல் மறுபடி வெளியிட்டபோது பிரிட்டனில் 3-வது இடம். அமெரிக்காவில் 2-வது இடம். அமெரிக்காவின் 'ஹாட் 100' பட்டியலில் 55 வாரம் இருந்தது. ஒரு முழு வருஷம் அந்தப் பட்டியலில் தங்கிய முதல் பாட்டு இதுதான்.

பின்பற்றியவர்கள் ஏராளம். டோரி ஏமஸ் பாடிய 'புரொஃபஷனல் விடோ'வை ஆர்மண்ட் வான் ஹெல்டன் மாற்றிச் செய்தது 1997 ஜனவரியில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதில் பாடகியின் குரலில் இரண்டொரு துணுக்குகளே மிச்சம். பாட்டே காணாமல் போயிற்று. கெட்டிக்காரத்தனம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் டெரி அந்தப் பெண்ணின் துக்கத்தைக் கேட்டிருக்கிறார்; இவருக்கு அதற்கு நேரமில்லை. 1998-ல் கிராமி பரிசுக்காரர்கள் ரீமிக்ஸ் செய்பவர்களுக்கென்றே தனிப் பரிசு வைத்து, முதலில் அதை நக்கிள்ஸுக்குக் கொடுத்தார்கள். அது நியாயமான காரியம்.

எல்லாவற்றையும்விட எனக்கு வியப்பு பென் வாட்டைப் பற்றித்தான். தம் பாட்டை இன்னொருவர் மாற்றிப் புகழ் பெற்றாரே என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. தாமே அந்த வித்தையைக் கற்று, தட்டுச் சுழற்றுகிறவராகி, 2003-ல் 'பஸ்ஸின் ஃபிளை' என்று டீப் ஹவுஸுக்குச் சொந்தக் கம்பெனியும் தொடங்கினார். தம்பதி இருவரும் 1999-க்குப் பிறகு சேர்ந்து தொகுதி எதுவும் செய்யாமல் இருந்து, 2023-ல் 'ஃபியூஸ்' என்ற தொகுதியோடு திரும்பி வந்தார்கள்.

போன வருஷம் என் கதைகளைப் புத்தகமாகக் கொண்டுவந்தபோது, அந்தக் கதையின் இரண்டு பிரதிகளையும் மேஜைமேல் வைத்துப் படித்தேன். அச்சுக்குப் போனது ஆசிரியர் வெட்டிய பிரதிதான். கேட் காப்பவனின் மனைவியை மட்டும், ஒரே ஒரு பாராவில், மறுபடி உள்ளே அழைத்துக்கொண்டேன்.