மேய்ப்பர்களின் சொல்லும் நிபுணர்களின் கணக்கும்

'நிபுணரே சொல்லிட்டார், நீ யார் பேச?' அறிவு குறித்த கேள்விபோலத் தோன்றும் இதைப் பேசும் உரிமை குறித்த கேள்வியாகவே நான் வாசிக்கிறேன். வட இங்கிலாந்தின் கம்ப்ரியா மலைகளில் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும்.

1986 ஏப்ரல் 26இல் செர்னோபில் அணு உலை வெடித்தது. மே தொடக்கத்து மழையோடு சீசியம் கம்ப்ரியாவின் மேய்ச்சல் நிலங்களில் இறங்கியது. ஜூன் 20இல் அங்குள்ள செம்மறிகளை இடம்பெயர்க்கவும் வெட்டவும் அரசு தடைபோட்டது. மூணே வாரம், அப்புறம் சரியாயிடும் என்றார்கள். ஆகவில்லை. கடைசிப் பண்ணைகளுக்குத் தடை நீங்கியது 2012இல்தான். விஞ்ஞானிகளின் கணக்கு களிமண்ணை வைத்துப் போடப்பட்டது. களிமண் சீசியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மலையின் அமிலத்தன்மை கொண்ட மக்கு மண்ணிலோ அது புல்லுக்கும் ஆட்டுக்கும் மீண்டும் மண்ணுக்குமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

பெண்டோனைட் தூவிய நிலத்தில் ஆடுகளை வேலிக்குள் அடைத்துச் சோதித்தார்கள். திறந்த மலையில் திரிந்த ஆட்டை அடைச்சு வச்சா நலிஞ்சுபோகும் என்றார்கள் மேய்ப்பர்கள். அச்சொல் கணக்கில் எடுக்கப்படவில்லை. சோதனைதான் பின்னர் கைவிடப்பட்டது. அவர்களிடையே ஆய்வு செய்து இதையெல்லாம் பதிவு செய்தவர் பிரையன் வின்.

மேய்ப்பர்கள் இன்னொன்றும் சொன்னார்கள்: இது பக்கத்திலிருக்கும் செல்லாஃபீல்டின் வேலை. இந்தச் சந்தேகம் அறியாமையில் பிறந்ததல்ல. விண்ட்ஸ்கேல் என்ற பெயரில் அது இருந்தபோது, 1957இல், அங்கே உலை தீப்பிடித்தது. முழு விசாரணை அறிக்கையை அரசு முடக்கிவைத்தது. 1988இல்தான் அது வெளிவந்தது. ஆனாலும் சந்தேகம் நியாயமானது என்பதாலேயே அது உண்மையாகிவிடாது. சீசியம் எங்கிருந்து வந்தது என்பதை ஆடு வளர்த்த அனுபவம் சொல்லாது; சீசியம்-134, 137 விகிதத்தை அளந்துதான் சொல்ல முடியும். அளந்ததில் செர்னோபிலின் பங்கும் தெரிந்தது, பழைய படிவும் தெரிந்தது.

ஆக, ஒரே வாயிலிருந்து வந்த இரண்டு கூற்றுகளுக்கு இரண்டு வகைச் சோதனை தேவைப்படுகிறது. நம்பகத்தன்மை ஆளுக்குரியதல்ல, கூற்றுக்குரியது. நிபுணருக்கும் இதே விதிதான்: கதிரியக்கம் தெரிந்தவருக்கு அந்த மண்ணும் தெரிந்திருக்கும் என்று எப்படி எடுத்துக்கொண்டோம்?

நம்மிடையே 'மக்கள் சொல்வதெல்லாம் அறிவு' என்று பேசும் நண்பர்கள் உண்டு. 'மக்களுக்கு என்ன தெரியும்' என்பதன் தலைகீழ் வடிவம்தான் அது. இரண்டுமே சொல்லைச் சோதிக்காமல் ஆளைத் தரம் பிரிக்கின்றன. இவருக்கு இது எப்படித் தெரியும், இது பொய்த்தால் யாருக்கு இழப்பு என்ற இரண்டையும் இரு தரப்பிடமும் கேட்டாக வேண்டும். கம்ப்ரியாவில் கணக்குப் பிழைத்தது நிபுணர்களுக்கு. விற்க முடியாமல் ஆடுகள் தேங்கியது மேய்ப்பர்களிடம்.