வடிகுழாய் (புராஸ்டேட் நீக்க அறுவை)

புற்றுநோய்க்காகப் புராஸ்டேட் சுரப்பியை முழுமையாக அகற்றியபின், இடுப்புக்குழியில் தேங்கும் இரத்தம், நிணநீர், கசியும் சிறுநீர் ஆகியவற்றை வெளியேற்ற வயிற்றுச் சுவர் வழியே வைக்கப்படும் மெல்லிய குழாய். சிறுநீர்ப்பைக்குள் செல்லும் கதீட்டர் வேறு. வடிகுழாயோ சிறுநீர்ப்பைக்கு வெளியே கிடப்பது.

வரலாறு

உடலில் தேங்கிய நீரைக் குழாய் வைத்து வடிப்பது தொன்மையான முறை. மகோதர (வயிற்றில் நீர் தேங்கும் நோய்) நீரை வடிக்க இருபுறமும் திறந்த உலோகக் குழாயையோ பறவை இறகின் தண்டையோ பண்டைய இந்திய மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதை கூறுகிறது. நெஞ்சறைச் சீழுக்குக் கிரேக்கரான ஹிப்போகிரட்டீசின் மரபினர் தகரக் குழாயையும், மகோதரத்துக்கு ரோமானியரான செல்சஸ் ஈயம் அல்லது வெண்கலக் குழாயையும் குறிப்பிட்டனர். பிரெஞ்சு மருத்துவர் சாசேன்யாக் 1859இல் இரப்பர் குழாயைப் பரவச் செய்தார். 1871இல் விக்டோரியா அரசியின் அக்குள் சீழ்க்கட்டியை அறுத்த பிரித்தானிய அறுவை மருத்துவர் லிஸ்டர், கிருமிநாசினியான கார்பாலிக் அமிலத் தெளிப்பானிலிருந்து வெட்டிய இரப்பர் துண்டையே வடிகுழாயாகச் செருகினார். ஐயமிருந்தால் குழாய் வைப்பதே நலம் என்பது இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் லாசன் டெய்ட்டின் கொள்கை. அமெரிக்கரான ஹால்ஸ்டெட்டோ கண்மூடித்தனமாகக் குழாய் வைப்பதை எதிர்த்தார். 1904இல் பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹியூ யங் முதன்முதலாகப் புற்றுற்ற புராஸ்டேட்டை முழுமையாக அகற்றியபோது உடனிருந்து உதவியவரும் ஹால்ஸ்டெட்டே.

வகைகள்

திசுவின் அழுத்தத்தாலும் புவியீர்ப்பாலும் தானே வடிவது ஒருவகை. பென்ரோஸ் குழாய் இதில் அடங்கும். உறிஞ்சி எடுப்பது மற்றொன்று. ஜாக்சன்–பிராட் குழாய் இரண்டாம் வகை. இது முதலில் மண்டையோட்டுக்குள் உறைந்த இரத்தத்தை அகற்றவே 1971இல் அறிமுகமானது. கைக்குள் அடங்கும் அதன் சிலிக்கோன் குமிழை அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடியை அடைத்தால், குமிழ் மெல்ல விரியும்போது நீரை உள்ளிழுக்கும். செவிலியர் அவ்வப்போது அதைத் திறந்து அளந்து கொட்டுவர்.

பயன்பாடு

சுரப்பியை எடுத்தபின் சிறுநீர்ப்பையின் கழுத்தையும் சிறுநீர் வெளியேறும் வழியையும் (யூரித்ரா) இணைத்துத் தைப்பர். வடிகுழாயில் வடியும் நீர் கூடினால், அதில் சிறுநீரில் மிகுந்துள்ள கழிவுப்பொருளான கிரியேட்டினினின் அளவைப் பார்ப்பர். இரத்தத்தில் உள்ளதைவிட மிக அதிகமாயின் தையல் வழியே சிறுநீர் கசிகிறது. ஏறத்தாழச் சமமாயின் அது நிணநீர். வடிதல் குறைந்ததும் குழாயை உருவிவிடுவர். தையலுக்கு மிக அருகில் உறிஞ்சினால் கசிவு நீடிக்கக்கூடும். அப்போது உறிஞ்சலை நிறுத்துவர் அல்லது குழாயைச் சற்றுப் பின்னிழுப்பர்.

ரோபோ அறுவை வந்தபின், தையல் நீர்புகாது அமைந்த நோயாளிகள் பலருக்கு வடிகுழாய் வைக்காமலே விடுவதும் உண்டு.