எண்ணிக்கையும் வழியும்: பாம்பூஃப்ளாட் ஓடைகளை முன்வைத்துத் தூண்டில் வரம்பு பற்றி

அந்தமானின் சாத்தம் ஜெட்டியில் படகேறி பாம்பூஃப்ளாட்டில் இறங்குபவருக்கு மீன் என்றால் கடல்மீன்தான். ஊருக்குப் பின்னே, 2021இல் மணிப்பூர் மலை எனப் பெயர் மாறிய ஹேரியட் மலைத்தொடரிலிருந்து இறங்கும் ஓடைகளை யாரும் மீன்வளமாகக் கணக்கில் எடுப்பதில்லை. மழைக்காலத்தில் புரண்டோடி, கோடையில் குட்டைகளாகச் சுருங்கும் குறு ஓடைகள் அவை. பொழுதுபோக்காகத் தூண்டில் போடுபவர் நாளொன்றுக்கு இத்தனை மீன்தான் எடுக்கலாம் என்ற விதி இத்தகைய நீருக்குப் பொருந்துமா? பொருந்தாது என்பதே என் வாதம்.

அவ்விதி பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டும். சென்னை மாகாணம் 1879இல் நீலகிரிக்கென இயற்றிய சட்டம், வேட்டை விலங்குகளோடு ‘குடியேற்றப்பட்ட’ மீன்களைக் காக்க வந்தது. மண்ணின் மீனுக்கு அந்தத் தலைப்பில் இடமில்லை. 1860களில் மீனியலாளர் பிரான்சிஸ் டே டிரவுட் என்னும் அயல் மீனைக் கொண்டுவர முயன்று தோற்றிருந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் காலத்தில்தான் அது நீலகிரியில் நிலைத்தது. சட்டம் முந்திக்கொண்டது, டிரவுட் பிந்தி வந்தது! பொரிப்பகத்தில் வளர்த்து ஓடையில் விடும் மீனுக்கு எண்ணிக்கை வரம்பு நியாயமானது. விட்டது எவ்வளவு என்று தெரியும், பிடிப்பவர் உரிமம் பெற்றவர். அது பாதுகாப்பைவிடப் பங்கீட்டுக்கு நெருக்கமானது. ரேஷன் அட்டை மாதிரி.

1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் வேறு திசையில் போனது. வெடியையும் நஞ்சையும் அது தடுத்தது. நிலையான பொறிகள், அணைப்புகள், வலையின் அளவு ஆகியவற்றுக்கு விதி செய்யவும், குறிப்பிட்ட நீர்நிலையை இரண்டாண்டு வரை மூடவும் அரசுக்கு அதிகாரம் தந்தது. எத்தனை மீன் என்று அது கேட்கவில்லை. இதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை என்பதற்குக் காவிரி சான்று. அதன் கரையிலிருந்த காலிபோர் தூண்டில் முகாமில் மகசீர் மீனைப் பிடித்து, எடை பார்த்து, திரும்ப விட்டார்கள். வரம்பு பூஜ்யம் என்றே சொல்லலாம். 1998 முதல் 2012 வரையான அந்தப் பிடிப்புப் பதிவுகளை 2015இல் ஆராய்ந்தபோது, கூன்முதுகு மகசீர் சரிந்து, வெளியிலிருந்து வந்த நீலத்துடுப்பு மகசீர் பெருகியிருந்தது தெரிந்தது. 2018இல் கூன்முதுகு மகசீர் சிவப்புப் பட்டியலில் மிக அருகிவிட்ட இனமாகச் சேர்ந்தது. தூண்டில்காரர் ஒன்றையும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. இருந்தும் மீன் போயிற்று. ஆனால் போனதை நமக்குச் சொன்னதும் அவர்களுடைய குறிப்பேடுதான்.

தீவின் ஓடைகளில் நிலைமை இன்னும் சிக்கலானது. விலாங்கு கடலில் முட்டையிடும். குஞ்சுகள் ஓடையேறி வளரும். உளுவைகளில் பல இனங்கள் ஓடையில் முட்டையிட, பொரிந்தவை கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டு மீளும். ஓடைவாயை மறிக்கும் ஒரு தடுப்பணை, உயரத்தில் பதித்த ஒரு சாலைக் குழாய், கோடைக் குட்டையில் கொட்டிய ஒரு பொட்டலம் பிளீச்சிங் பவுடர்: இவற்றில் ஒவ்வொன்றும் பல தூண்டில்கள் பல நாளில் செய்வதை ஒரே நாளில் செய்துவிடும்.

எண்ணிக்கை வேண்டாம், குறைந்தபட்ச நீளமாவது வைக்கலாமே என்பார்கள். அவ்விதியின் அடிப்படை, மீன் பிடிபடுமுன் ஒருமுறையாவது இனம் பெருக்கியிருக்க வேண்டும் என்பது. விலாங்கிடம் அந்தக் கணக்கு செல்லாது. அது வாழ்நாளில் ஒருமுறைதான், அதுவும் கடலுக்குப் போன பிறகுதான், முட்டையிடும். ஓடையில் அகப்படுவது விரலளவோ கையளவோ, இன்னும் முட்டையிடாததே. பெரியது போகட்டும் என்று விடுவதில்தான் பொருளுண்டு. நடைமுறை விதிகளோ சிறியதை விடச் சொல்கின்றன.

அந்தமானில் 1938ஆம் ஆண்டின் மீன்வள ஒழுங்குமுறை உண்டு. 2003இல் வந்த கடல்மீன்பிடிப்பு ஒழுங்குமுறை, பெயரிலேயே உள்ளபடி, கடலுக்கானது. ஒன்றியப் பகுதி என்பதால் இப்போது அரசமைப்பின் 240ஆம் உறுப்பின் கீழ் இத்தகைய ஒழுங்குமுறைகள் பிறக்கின்றன. நன்னீருக்கெனத் தனி விதி எழுதப்படுமானால் அதன் முதல் பிரிவு கூடையில் உள்ள மீனைப் பற்றியதாக இருக்கலாகாது. விலாங்கு கடலுக்கு இறங்கும் பருவத்தில் ஓடைவாய்களில் பொறி வைக்கத் தடை, புதிய தடுப்பணை ஒவ்வொன்றிலும் மீன் ஏறும் வழி, நஞ்சுக்குக் கடும் தண்டனை ஆகியவற்றோடு அது தொடங்கலாம். தூண்டில்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: எந்த ஓடையில், எந்த மாதம், என்ன மீன் அகப்பட்டது என்று எழுதி வைப்பது.