பெரிய ஆற்றின் பெயர்

ஜோர்ஜ் கட்லின் என்ற அமெரிக்கர் 1847-48இல் வரைந்த ஓவியம் ஒன்றின் படத்தை நேற்றுக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 1682 ஏப்ரல் 9ஆம் திகதி, மிசிசிப்பி கடலில் கலக்கும் இடத்தில் லா சால் என்ற பிரெஞ்சுக்காரர் சிலுவை நட்டு, அந்த ஆறு பாயும் நிலமெல்லாம் தன் அரசன் பதினான்காம் லூயிக்கே சொந்தம் என்று அறிவிக்கிறார். அங்கே வாழ்ந்த சனங்களை ஒருவரும் கேட்கவில்லை. நிலத்துக்கு 'லூசியானா' என்று பெயர் வைத்தார். ஆற்றுக்கு அமைச்சர் கோல்பேரின் பெயர்.

இந்த ஓவியத்தை வரைவித்த பிரெஞ்சு அரசன் லூயி பிலிப், 1848 புரட்சியில் முடியிழந்து இங்கிலாந்துக்கு ஓடினார். 1850இல் அங்கேயே இறந்தார். எங்களைப்போல அவரும் அகதிதான்!

கோல்பேரின் பெயர் ஆற்றில் ஒட்டவில்லை. ஒஜிப்வே மக்களின் மொழியில் 'பெரிய ஆறு' என்று பொருள்படும் மிசிசிப்பிதான் நிலைத்தது. எங்கட மணலாற்றையும் எங்களைக் கேளாமல்தான் 'வெலிஓயா' ஆக்கினார்கள். என் பிள்ளைகளுக்கு நான் மணலாறு என்றே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நீங்களும் சொல்லிக்கொடுங்கள்.