ஒட்டிய வயிறும் கொழுப்பு வைத்தியமும்

ஆண்டிபட்டிப் பக்கம் கிடை ஆடுகளோடு அலையும் நாயின் விலாவெலும்பை எட்ட நின்றே எண்ணிவிடலாம். சிப்பிப்பாறை நாய்க்கு அதைவிட ஒட்டிய வயிறு; கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கோரத்துக் கோம்பையின் பெயரைத் தாங்கிய நாய் கட்டான உடம்புக்காரன் என்றாலும் வீண்சதை கிடையாது. நாயின் கொழுப்பிலிருந்து குருத்தணுக்களைப் பிரித்து, தேய்ந்த மூட்டில் ஊசியாக ஏற்றும் வைத்தியத்தின் வரலாற்றில் இந்த உடல்வாகுக்கு இடமில்லை. வீட்டுக்குள் கொழுத்த செல்ல நாய்களையும் செலவுக்கு அஞ்சாத எஜமானர்களையும் நம்பி வளர்ந்த தொழில் அது. சான்று பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்தது.

2001-ல் அமெரிக்காவில் பட்ரீஷியா சுக்கும் சகாக்களும், மனித உடலிலிருந்து உறிஞ்சிக் கொட்டப்படும் கொழுப்பில் எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் மாறவல்ல செல்கள் இருப்பதைக் காட்டினார்கள். எலும்பைத் துளைத்து மஜ்ஜை எடுப்பதைவிட இது எவ்வளவோ சுலபம். 2003-லேயே கலிஃபோர்னியாவின் வெட்-ஸ்டெம் நிறுவனம் குதிரைகளுக்கு இதைச் செய்யத் தொடங்கியது, அடுத்து நாய்கள். மயக்கமருந்து கொடுத்து, வயிற்றின் நடுக்கோட்டுக்கு உட்புறமுள்ள கொழுப்பை வெட்டியெடுப்பார்கள். பொடியாக நறுக்கி, கொலாஜினேஸ் நொதியில் 37 டிகிரியில் ஊறவிட்டு, மையவிலக்கியில் சுழற்றினால் எண்ணெய் மேலே மிதக்கும், செல்கள் அடியில் வண்டலாகப் படியும். அந்த வண்டலிலும் குருத்தணு சிறு பங்குதான். விலங்குகளுக்கான செல் மருந்துகள் பற்றிய வழிகாட்டுதலை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இறுதி செய்தது 2015-ல். அதற்குள் பன்னிரண்டு ஆண்டு வியாபாரம் நடந்து முடிந்திருந்தது.

பலன் இல்லாமலா இத்தனை பேர் செய்தார்கள் என்று கேட்கலாம். இடுப்பு மூட்டு தேய்ந்த 21 நாய்களை வைத்து, எதற்கு எந்த ஊசி என்பதை மறைத்து நடத்திய சோதனை 2007-ல் வெளியானது. நொண்டல் குறைந்தது உண்மைதான். ஆனால் 21 சின்ன எண்ணிக்கை, ஆய்வில் வெட்-ஸ்டெம் நிறுவனத்தவரும் இருந்தார்கள், தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளர்ந்ததை அது நிறுவவில்லை. அதற்கு ஐந்தாண்டு முன்பு வந்த இன்னோர் ஆய்வுக்குத்தான் என் மதிப்பு கூடுதல். 48 லாப்ரடார்களில் பாதிக்குத் தீனியைக் கால்பங்கு குறைத்தார்கள். அவை ஏறத்தாழ 1.8 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன, மூட்டு நோயும் தள்ளிப்போனது. நாய்த்தீனி விற்கும் ப்யூரினா நிறுவனமே நடத்திய ஆய்வு இது என்பது வேடிக்கை. வைத்தியத்துக்கு எடுக்கும் கொழுப்பே நோய்க்கும் ஒரு காரணம்.

இதைச் சொல்லிக் கிடை நாயின் அரைவயிற்றைப் புகழ்ந்துவிடவும் முடியாது. அதற்கும் வண்டியில் அடிபடும், கால் முறியும், வயதாகும். அப்போது சொந்தக் கொழுப்பு போதாமல் போகலாம். கருத்தடை அறுவையின்போது ஆரோக்கியமான இளம் நாய்களிடம் எடுக்கும் கொழுப்பைப் பயன்படுத்தலாமே என்பது நியாயமான யோசனை. நாய்களுக்கான கருத்தடை விதிகள் 2001 முதல் நம் நாட்டில் உண்டு. ஆனால் ஒரு நாயின் செல்லை இன்னொன்றுக்கு ஏற்றினால் கிருமிச் சோதனை, திரவ நைட்ரஜன் சேமிப்பு, தொகுதிவாரிப் பதிவு எல்லாம் வேண்டும். ஐரோப்பாவில் நாயின் மூட்டுநோய்க்காக 2022-ல் ஒப்புதல் பெற்ற டாக்ஸ்டெம் என்ற செல் மருந்து இத்தகைய சோதனைகளைத் தாண்டி வந்ததுதான், அதன் செல்களோ குதிரையின் தொப்புள்கொடியிலிருந்து எடுத்தவை. 2020-ல் தொடங்கிய தேனி கால்நடை மருத்துவக் கல்லூரி இதில் இறங்கினால், ஊசிக்கு முன்னால் அந்தப் பதிவேட்டிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.