முதுகு வலிக்கு 'டீகம்ப்ரஷன்': பணம் கட்டும் முன் தெரிஞ்சுக்கோங்க!

புதுக்கோட்டை:-

நடவு வயல், கல்குவாரி, ஆதனக்கோட்டை முந்திரி அடுப்பு என்று நாள் முழுக்க குனிஞ்சே வேலை பார்ப்பவர்கள் நம்ம மாவட்டத்தில் அதிகம். இடுப்பு, கழுத்து வலி வந்தால், ஆபரேஷன் இல்லாமல் சரி செய்யலாம் என்று சொல்லப்படும் சிகிச்சைதான் டீகம்ப்ரஷன்.

மேஜையில் படுக்க வைத்து, பெல்ட் மாட்டி, கம்ப்யூட்டர் உதவியுடன் முதுகுத்தண்டை விட்டு விட்டு இழுப்பார்கள். டிஸ்க் மேல் அழுத்தம் குறைந்து நரம்பு விடுபடும் என்பது கணக்கு. பழைய டிராக்ஷனின் புது வடிவம்தான் இது.

ஆனால் இடுப்பு வலிக்கு டிராக்ஷனால் பெரிய பலன் இல்லை என்று 2013-ல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கூறியது. இதைத் தர வேண்டாம் என்று இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2016-ல் டாக்டர்களுக்கு வழிகாட்டியது. கழுத்து வலிக்கும் உறுதியான ஆதாரம் இல்லை.

டிஸ்க் விலகிய வலி பலருக்கு 6 முதல் 12 வாரத்தில் தானாகவே குறையும். படுத்தே கிடக்காமல் நடமாடணும், பிசியோதெரபி பயிற்சி செய்யணும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள்.

எலும்பு தேய்மானம், எலும்பு முறிவு, கட்டி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இழுவை பக்கமே போகக்கூடாது.

கால் பலமிழந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ ஒரு நாள்கூட தள்ளிப்போடாதீங்க. 108-ஐ கூப்பிட்டு, முள்ளூரில் 2017-ல் திறந்த அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரிக்கு உடனே போயிடணும்.